சுமையும் உறக்கமும்

கடமலைக்குண்டின் கடைத்தெருவில் அந்தி சாயும் வேளையில் சற்று நின்று பார்ப்பவர்க்கு ஒரு காட்சி தவறாமல் கிட்டும். மட்டை உரித்த தேங்காய்களை ஏற்றிக்கொண்டு லாரி ஒன்று புறப்பட ஆயத்தமாய் நிற்கும். இலவங்காய் வெடிக்கும் கோடைக்காலமாயின், பஞ்சு மூட்டைகளை உயர உயர அடுக்கித் தார்ப்பாய் போர்த்திக் கயிறு இறுக்கிய வண்டிகளும் அதன் பின்னே நிற்கும். பார்வைக்கு மலைபோல் தோன்றும் அச்சுமை எடைக்குச் சிறியது. தேங்காயோ பார்வைக்கு அடக்கமாய் இருந்து எடையில் வண்டியின் முதுகை ஒடிப்பது. வருசநாட்டு மலைகளில் பிறந்து இறங்கிவரும் மூல வைகையைப் போலவே, மயிலாடும்பாறையிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் விளைபொருள்கள் இவ்வூரைக் கடந்து கண்டமனூர் வழியே தேனிக்கு இறங்குகின்றன. அங்கிருந்து மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும், குமுளி மலையேறிக் கேரளத்துக்கும் பிரிந்து செல்கின்றன.

வண்டி புறப்பட்டதும் இவ்வூர் அமைதியுறுகிறது. ஆனால் அதே வண்டி நள்ளிரவிலோ விடியற்காலையிலோ மற்றோர் ஊரின் கடைத்தெருவில் நுழையும். அங்கே யாரோ ஒருவர் உறக்கம் கலைந்து எழுவார். யாரோ ஒருவர் தலையில் சும்மாடு வைத்துச் சுமையை ஏற்பார். யாரோ ஒரு குழந்தை, பள்ளிக்குப் போகும் வழியில் அந்த வண்டியின் சக்கரத்தை ஒட்டி நடந்து செல்லும். இங்கே பிறந்த அமைதிக்கு அங்கே ஒருவர் விலை கொடுக்கிறார்.

ஊரின் நடுவில் சரக்கு வண்டிகள் எப்போது வரலாம், எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் இறக்கலாம் என்பன போக்குவரத்துக் காவலரும் நகராட்சியும் தீர்க்க வேண்டிய வினாக்கள் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அறநெறிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கவும் தோன்றலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எவ்வாறு தவறாயிற்று என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வூரிலும் இப்போது அத்தகைய பேச்சு காதில் விழத் தொடங்கியிருப்பதால், சொல்லாமல் இருப்பது முறையன்று என்று தோன்றுகிறது.

நாம் போட்ட முதற் கையொப்பம்

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் கம்பம் பள்ளத்தாக்கின் வேறோர் ஊரில் நாம் பங்குப்பணி ஆற்றி வந்தோம். ஆலயமும் பள்ளியும் கடைவீதியும் ஒரே தெருவில் அமைந்த ஊர் அது. காலைத் திருப்பலி நேரத்தில் சிமெண்டு லாரி பின்னோக்கி வரும் ஓசையும், கிளீனர் வண்டியின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே "வா வா வா" என்று கூவும் ஓசையும் நம் மன்றாட்டுகளோடு கலந்து ஒலிக்கும். எட்டரை மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது, உரமூட்டையும் மாட்டுத்தீவனமும் இறக்கும் வண்டிகள் தெருவின் பாதியை அடைத்து நிற்கும். ஒருநாள் மிதிவண்டியில் வந்த சிறுமி ஒருத்தி, நின்றிருந்த லாரியைச் சுற்றி விலக முற்பட்டபோது எதிரே வந்த வண்டி இடித்துக் காலில் அடிபட்டாள். எலும்பு முறிவோடு பிழைத்தாள்.

ஊர் கொதித்தது. பெற்றோரும் ஆசிரியரும் கூடினர். காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை கடைவீதிக்குள் எந்தச் சரக்கு லாரியும் வரக்கூடாது என்று மனு எழுதப்பட்டது. முதற் கையொப்பம் நம்முடையது. வணிகர்கள் முதலில் தயங்கினாலும் பிறகு இணங்கினார்கள். மறுவாரமே தெரு அகன்றதுபோல் தோன்றிற்று. பிள்ளைகள் கைகோத்து நடந்தார்கள். முதியோர் அச்சமின்றித் தெருவைக் கடந்தார்கள். அந்த ஞாயிறு மறையுரையில், ஒன்றுபட்டு முயன்றால் ஓர் ஊர் தன்னைத்தானே சீர்செய்துகொள்ள இயலும் என்று நாம் பெருமையோடு பேசியது இன்றும் நினைவில் நிற்கிறது.

நான்கைந்து மாதங்கள் கழிந்தன. ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு குடியிருப்பில் அன்பியக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்த பின், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரின் மனைவி மட்டும் தயங்கி நின்றார்.

"சாமி, பகல்ல லாரி வரக்கூடாதுன்னு நீங்கதான் முன்னால நின்னு சொன்னீங்கன்னாக. புள்ளைகளுக்கு நல்லதுதான், நான் தப்பு சொல்லல. ஆனா எங்க வீட்டுக்காரரு ராத்திரி பூரா மூட்டை எறக்கிட்டு விடிஞ்சு வாராரு. தகரக் கொட்டகைல பகல்ல எப்பிடி சாமி தூங்குறது?"

நாம் விடையின்றி நின்றோம். அவர் மேலும் சொன்னார். கண் அயர்ந்த நிலையில் மூட்டை சரிந்து கணவரின் தோள்பட்டை பிசகிற்றாம். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது தந்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாராம். அந்த வீட்டின் முன்னே, சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில், வரிசையாக ஏழெட்டு லாரிகள் நின்றிருந்தன. இரவு 9 மணி ஆவதற்காகப் பிற்பகலிலிருந்தே காத்துக் கிடந்த வண்டிகள் அவை. ஓட்டுநர்களுக்குக் குடிநீர் இல்லை, கழிப்பறை இல்லை. அதனால் அக்குடியிருப்பின் பெண்கள் அந்தி வேளையில் வெளியே செல்லவும் கூசினார்கள்.

நாம் ஊரின் நடுவிலிருந்து அகற்றிய சுமை எங்கும் மறைந்துவிடவில்லை. அது ஊரின் ஓரத்துக்குச் சென்று, மனுவில் கையொப்பம் இடும்படி எவராலும் கேட்கப்படாத மக்களின் வாசலில் இறங்கியிருந்தது.

இரண்டாயிரம் ஆண்டுப் பழைய வழக்கு

இந்த வழக்கு நம் ஊரில் தோன்றியதன்று. கி.மு. 45 அளவில் ஜூலியஸ் சீசரின் பெயரால் வழங்கும் நகராட்சிச் சட்டம் ஒன்று உரோமை நகரில் பகல்வேளையில் பாரவண்டிகள் ஓடுவதைத் தடை செய்தது. தென் இத்தாலியின் ஹெராக்ளியாவில் கிடைத்த வெண்கலப் பலகையில் அதன் வாசகம் இன்றும் உள்ளது. கதிரவன் எழுந்தது முதல் பகலின் பத்தாம் மணி வரை, அதாவது பிற்பகல் சாயும்வரை, நகருக்குள் வண்டி வரலாகாது. கோவில் கட்டுமானப் பொருள்களுக்கும் பொதுப் பணிகளுக்கும் விலக்கு உண்டு. இரவில் உள்ளே வந்த வண்டி, காலையில் வெறுமையாகவோ குப்பையை ஏற்றிக்கொண்டோ வெளியேறலாம். அந்நகரின் குறுகிய தெருக்களையும் அங்குத் திரண்ட மக்கள் கூட்டத்தையும் எண்ணினால், அது அறிவார்ந்த சட்டமே.

ஆனால் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து யுவெனால் என்னும் அங்கதக் கவிஞர் தம் மூன்றாம் பாடலில் உரோமையின் இரவைப் பற்றி மனம் கசந்து பேசுகிறார். தெரு முடுக்குகளில் திரும்பும் வண்டிகளின் இரைச்சலும், மந்தை தடைபடும்போது ஓட்டுநர்கள் இடும் கூச்சலும் மக்களை உறங்கவிடுவதில்லை என்கிறார். அந்நகரில் உறங்குவதற்கே பெருஞ்செல்வம் வேண்டும் என்பது அவர் குற்றச்சாட்டு. செல்வருக்குத் தெருவிலிருந்து தள்ளிய மாளிகைகள் இருந்தன. வாடகைக் குடியிருப்புகளில் அடைந்து வாழ்ந்தவர்களுக்குத் தெருவே தலைமாடு. பகலைக் காத்த சட்டம், இரவை ஏழைகளின் தலையில் இறக்கிவைத்தது.

நம் மதுரையையும் எண்ணிப் பார்க்கலாம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகிறது. இரவும் பகலும் வணிகம் நடப்பது நகரத்தின் பெருமையாகவே அங்கே போற்றப்படுகிறது. அந்த அங்காடிகளுக்கு மூட்டை சுமந்தவர்கள் எப்போது உறங்கினார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. நகரத்தின் புகழைப் பாடுவோர் கண்ணுக்குச் சுமை தெரியும், சுமப்பவர் தெரிவதில்லை என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் போலும்.

இடத்தை மாற்றினால் போதுமா?

நேரத்தை மாற்றுவது ஒரு வழி என்றால், இடத்தை மாற்றுவது மற்றொரு வழி. சென்னை ஜார்ஜ் டவுனின் நெருக்கடியான சந்துகளுக்குள் இயங்கிய கொத்தவால்சாவடி மொத்தக் காய்கறிச் சந்தை, 1996இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஏறத்தாழ 295 ஏக்கரில் அந்த வளாகத்தை அமைத்தது. பழைய சந்துகளின் நெருக்கடி தளர்ந்தது உண்மை; லாரிகள் வந்து நிற்க அகன்ற இடம் கிடைத்ததும் உண்மை. எனினும் நகரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோயம்பேட்டில் 2002இல் புறநகர்ப் பேருந்து நிலையம் வந்தது. அடுக்குமாடி வீடுகள் சூழ்ந்தன. நகரின் விளிம்பாக இருந்த இடம் நகரின் நெஞ்சாயிற்று. 2020 மே மாதத்தில் கொரோனாப் பரவலை ஒட்டி அச்சந்தை மூடப்பட்டுத் தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, ஒரு பெருநகரின் அன்றாட உணவு எத்தனை ஓட்டுநர்களையும் சுமைத் தொழிலாளர்களையும் நம்பியிருக்கிறது என்பதை நாடே கண்டது.

மதுரையிலும் மீனாட்சியம்மன் கோவிலை ஒட்டி இருந்த சென்ட்ரல் மார்க்கெட் பின்னர் மாட்டுத்தாவணிக்குப் போயிற்று. மூட்டைகள் இறங்கிய பழைய இடத்தில் இன்று வாகனங்கள் நிறுத்தும் பல அடுக்குக் கட்டடம் நிற்கிறது. கோவிலைச் சூழ்ந்த வீதிகளுக்கு அது நன்மையே. ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். முன்பு நடந்தே வேலைக்குச் சென்ற சுமைத் தொழிலாளி, சந்தை இடம்பெயர்ந்தபோது விடியுமுன் எழுந்து பல கல் தொலைவு செல்லவேண்டியவர் ஆனார். இத்தகைய மாற்றங்களின் கணக்கில் கட்டடச் செலவு எழுதப்படுகிறது. அவருடைய இரண்டு மணி நேரம் எழுதப்படுவதில்லை.

நம் பள்ளத்தாக்கின் பல ஊர்களுக்கும் அண்மை ஆண்டுகளில் புறவழிச்சாலைகள் வந்துள்ளன. குமுளி நோக்கிச் செல்லும் கனரக வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் கடந்து செல்வதால் எத்தனையோ உயிர்கள் காக்கப்படுகின்றன. ஆனால் புறவழிச்சாலை கடந்து செல்லும் வண்டிக்குத்தான் விடை சொல்லும். நம் கடைக்கென்றே வரும் வண்டிக்கு அது விடையன்று. அரிசியும் சிமெண்டும் எரிவாயு உருளையும் ஊருக்குள் வந்தே ஆகவேண்டும். 2010ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி இரயில், அகலப்பாதையாகி 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்தது. எனினும் இரயில் எவ்வளவு வந்தாலும், நிலையத்திலிருந்து கடைவாசல் வரையுள்ள கடைசிக் கல் தொலைவு சாலைக்கும் மனிதத் தோளுக்குமே உரியது.

இருவகை நீதி

குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், புனித தாமஸ் அக்குவினாஸ் நீதியை இரண்டாகப் பகுத்துக் காட்டுவதைக் கற்றோம். ஒருவர்க்கும் மற்றொருவர்க்கும் இடையே கொடுக்கல் வாங்கலில் விளங்குவது பரிமாற்ற நீதி. ஒரு சமூகம் தன் நன்மைகளையும் சுமைகளையும் உறுப்பினரிடையே பங்கிடுவதில் விளங்குவது பகிர்வு நீதி. தேர்வுக்காக மனனம் செய்த அப்பாகுபாடு, தகரக் கொட்டகையின் வாசலில் நின்றபோதுதான் நமக்கு விளங்கிற்று.

அத்தொழிலாளிக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று இறக்குகூலி ஒழுங்காகக் கிடைத்து வந்தது. லாரி உரிமையாளர்க்கு வாடகை கிடைத்தது. வணிகர்க்குச் சரக்கு வந்து சேர்ந்தது. பரிமாற்ற நீதியின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஊர் முழுமைக்கும் கிடைத்த அமைதி என்னும் நன்மை ஒரு பக்கம் குவிந்தது. அதற்குரிய சுமை மறுபக்கம் குவிந்தது. கூலி அப்படியே இருக்க, உறக்கம் பறிபோயிற்று. கூலிப் பட்டியலில் உறக்கத்துக்கு இடமில்லை.

பொது நன்மை என்பது பெரும்பான்மையினரின் வசதி என்று நாம் பிழையாகப் பொருள் கொள்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, தனி மனிதரும் குழுக்களும் தத்தம் நிறைவை எய்தத் துணைபுரியும் சமூக வாழ்வின் சூழ்நிலைகள் அனைத்தையும் சேர்த்தே பொது நன்மை என்கிறது. அவ்வாறாயின், நூறு பேரின் நிம்மதிக்காகப் பத்துப் பேர் தம் பிள்ளைகளின் முகம் பாராமல் வாழவேண்டுமெனில், அது பொது நன்மையாகாது. நூறு பேரின் நன்மை மட்டுமே. பழைய ஏற்பாட்டின் ஓய்வுநாள் கட்டளையும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. வீட்டுத் தலைவன் மட்டும் ஓய்ந்திருந்தால் அக்கட்டளை நிறைவேறாது. அவனுடைய பணியாளும் அந்நியனும் காளையும் ஓய்வு பெறவேண்டும் என்று அது பெயர் சொல்லியே கேட்கிறது. சுமப்பவர்க்கு இல்லாத ஓய்வு ஓய்வன்று என்று அம்மக்கள் அன்றே அறிந்திருந்தனர்.

எதிர்வாதங்கள்

இவ்வாறு சொல்லும்போது எழும் மறுப்புகளை நாம் புறக்கணிக்கலாகாது. "இரவுப் பணி உலகெங்கும் உள்ளதுதானே? மருத்துவமனையிலும் ஆலையிலும் இரவில் வேலை செய்வோர் இல்லையா?" என்று வணிக அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நோய் இரவென்று பார்த்து வருவதில்லை. ஆகவே செவிலியர் இரவில் விழித்திருக்கிறார். சிமெண்டு மூட்டைக்கு அத்தகைய அவசரம் எதுவுமில்லை. அது இரவில் இறங்கவேண்டிய காரணம், பகலில் அதைக் காண நாம் விரும்பாமையே. தேவையால் வரும் இரவுப் பணிக்கும், பிறர் வசதிக்காகத் தள்ளிவிடப்பட்ட இரவுப் பணிக்கும் வேறுபாடு உண்டு. பின்னையதை ஏற்கச் சொல்வோர், அதற்கு ஈடாகத் தாம் என்ன தருகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உழவரின் மறுப்பு வேறுவகைப்பட்டது. தக்காளி காத்திருக்காது. பறித்த முருங்கையும் வெட்டிய வாழைத்தாரும் வெயிலில் நின்றால் விலை இழக்கும். எல்லாச் சரக்குக்கும் ஒரே நேரம் விதித்தால், முதலில் நட்டப்படுபவர் மலையடிவாரத்தின் சிறு விவசாயியே. ஆகவே தக்காளியையும் சிமெண்டையும் ஒரே கோலால் அளப்பது சமத்துவம் போலத் தோன்றினும் நீதியன்று. பழைய உரோமைச் சட்டம்கூட விலக்குகளை வகுத்திருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள நேரத்தை இரவென்று வரையறுத்து, குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. இரவின் அமைதி பகலின் அமைதியைவிட விலையுயர்ந்தது என்பதைச் சட்டமும் ஏற்கிறது. 1961இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநரின் பணியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று வரையறுத்தது. ஊரின் ஓரத்தில் ஏழு மணி நேரம் காத்துக்கிடந்த ஓட்டுநர் எந்தக் கணக்கில் சேர்வார்? உடலுழைப்புத் தொழிலாளருக்கெனத் தமிழ்நாட்டில் 1982இல் தனிச் சட்டமும் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் வெளியிட்ட பரிந்துரையில், வளர்ந்த ஆண் ஒருவர் கையாலும் தோளாலும் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை எல்லையாகச் சொன்னது. நம் சிமெண்டு மூட்டை 50 கிலோ. எல்லைக்குச் சற்றுக் கீழேயுள்ள அச்சுமையை, உறங்காத உடம்பு ஓரிரவில் எத்தனை முறை தூக்குகிறது என்று எந்தச் சட்டமும் எண்ணுவதில்லை.

பிற நாடுகளும் இவ்வினாவோடு மல்லாடியே வருகின்றன. இலண்டன் மாநகர் 1985 முதல் 18 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் இரவிலும் வார இறுதியிலும் நினைத்த தெருவில் நுழைவதைக் கட்டுப்படுத்தி வருகிறது. உரோமை பகலைக் காத்தது. இலண்டன் இரவைக் காக்க முனைந்தது. நெதர்லாந்து நாடோ 1998இல் மற்றொரு வழியைத் தொடங்கிற்று. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை சரக்கு இறக்கும் ஓசை 60 டெசிபலைத் தாண்டலாகாது என்று வரையறுத்து, அதற்கேற்ப வண்டிக் கதவுகளையும் தள்ளுவண்டிச் சக்கரங்களையும் இறக்கும் பலகைகளையும் ஓசை எழாதபடி திருத்தி அமைக்கத் தூண்டியது. கடிகாரத்தை மட்டும் மாற்றாமல் கருவியையும் மாற்றிய அம்முயற்சி பாராட்டுக்கு உரியது. ஆனால் அங்கும் இரவில் விழித்திருப்பவர் ஒரு மனிதரே என்பதை மறக்கலாகாது.

மீண்டும் கூடினோம்

அந்த அன்பியக் கூட்டத்துக்குப் பின் சில இரவுகள் நமக்கு உறக்கம் வரவில்லை. தெரு அமைதியாகத்தான் இருந்தது. அந்த அமைதி யாருடையது என்று தெரிந்த பின் அதில் உறங்குவது எளிதாக இல்லை.

மீண்டும் ஊரைக் கூட்டினோம். இம்முறை முதலில் பேச அழைக்கப்பட்டவர்கள் சுமைத் தொழிலாளரும், காத்துக் கிடந்த ஓட்டுநர் இருவரும், ஊரோரக் குடியிருப்பின் பெண்களும். அவர்கள் லாரியைப் பள்ளி நேரத்தில் விடும்படி கேட்கவில்லை. அச்சிறுமியின் கால் முறிந்ததை எவரும் மறக்கவில்லை. அவர்கள் கேட்டது வேறு: "பள்ளிக்கூடம் விடுற நேரமும் தொடங்குற நேரமும் வேணாம் சாமி. நடுவுல இருக்குற நேரத்தக் குடுங்க."

பேச்சு நெடுநேரம் நீண்டது. இறுதியில் காய்கறி வண்டிகள் விடியற்காலை 5 மணி முதல் 7 மணி வரையிலும், சிமெண்டு, உரம், தீவனம் போன்றவை முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையிலும் வரலாம் என்று முடிவாயிற்று. வாடிக்கையாளர் வரும் நேரத்தில் கடைவாசலை விட்டுக்கொடுக்க வணிகர்கள் இணங்க வேண்டியிருந்தது. பெரிய லாரிகள் ஊருக்கு வெளியே நிற்க, சிறு வண்டிகளில் சரக்கை மாற்றி எடுத்துவரும் கூடுதற் செலவையும் அவர்கள் ஏற்றார்கள்.

எஞ்சியது ஒரே கேள்வி. பெரிய லாரிகள் எங்கே நிற்பது? தண்ணீரும் கழிப்பறையும் நிழலும் உள்ள இடம் வேண்டும். எவர் வாசலிலும் அது அமையக்கூடாது. கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பங்குக்குச் சொந்தமான காலிமனை ஒன்று நம் இல்லத்தின் பின்புறம் இருந்தது. அதை அனைவரும் அறிவர்; நாமும் அறிவோம். முதலில் மனு எழுதிய கை நம்முடையது என்பதும் அவர்களுக்குத் தெரியும். பங்குப்பேரவையிடம் பேசி ஒப்புதல் பெற்று, அந்த இடத்தைக் கொடுத்தோம். ஒரு குழாயும் இரண்டு கழிப்பறைகளும் அமைக்கப்பட்டன. செலவில் பாதியை வணிகர்கள் தந்தார்கள்.

எல்லாம் சீராயிற்று என்று சொல்லி முடிக்க நமக்கும் ஆசைதான். உண்மை அதுவன்று. பண்டிகைக் காலங்களில் விதி மீறப்பட்டது. நேரத்தைக் கடைப்பிடிக்காத கடைகள் இருந்தன. பிற்பகல் வெயிலில் மூட்டை தூக்குவது கொடுமை என்று தொழிலாளரில் சிலர் முறையிட்டனர், அதுவும் உண்மையே. கோடையில் நேரத்தை மீண்டும் திருத்தவேண்டி வந்தது. விடியலில் நம் சன்னலுக்கு வெளியே லாரி உறுமும் ஓசை திரும்பி வந்தது. நாம் அங்கிருந்து மாற்றலாகி வரும்வரை அது நம்மை எழுப்பிக்கொண்டே இருந்தது. ஆயினும் தோள் பிசகிய அந்தத் தொழிலாளி, மாலை வேளைகளில் தம் மகளைப் பள்ளியிலிருந்து கைப்பிடித்து அழைத்து வருவதை நாம் பலமுறை கண்டோம்.

இவ்வூருக்கு ஒரு வேண்டுகோள்

இப்போது நாம் வாழும் கடமலைக்குண்டு சுமை பிறக்கும் இடம். இங்கே தேங்காய் ஏற்றுபவர் இரவு எட்டு மணிக்குள் ஏற்றி முடிக்க விரைகிறார். ஏனெனில் வண்டி சென்று சேரும் ஊரில் விடியுமுன் இறக்கியாகவேண்டும். நாம் பார்த்திராத ஏதோ ஒரு நகரத்தின் கடைத்தெருவில் போட்ட நேரக்கட்டுப்பாடு, இந்த மலையடிவாரத்துத் தோள்களின் வேகத்தை நிர்ணயிக்கிறது. ஏற்றும் இடத்தையும் இறக்கும் இடத்தையும் அடுத்தடுத்துக் கண்டதால் நாம் இதை உணர்கிறோம். ஒரு லாரியின் இரு முனைகளிலும் மனிதர் நிற்கின்றனர். நடுவே ஒருவர் உறங்காமல் ஓட்டிச் செல்கிறார்.

இவ்வூர்க் கடைத்தெருவும் குறுகலானதே. பேருந்துக்குக் காத்திருப்போரும் பள்ளிப் பிள்ளைகளும் சரக்கு வண்டிகளும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒழுங்கு வேண்டும் என்ற பேச்சு எழுவது நல்லதே. லாரியைப் பகையாக எண்ணுவோர், ஊரடங்கின்போது நம் வாசலுக்கு அரிசி கொண்டுவந்தது அந்த லாரியே என்பதை மறவாதிருக்கட்டும். லாரிக்குத் தடையே கூடாது என்போர், கால் முறிந்த சிறுமியை மறவாதிருக்கட்டும். இரு பக்கமும் நியாயம் இருக்கும்போது, கூட்டத்தில் இல்லாத மூன்றாமவர் தலையில் சுமையை வைத்துவிட்டு இரு பக்கமும் கைகுலுக்கிக்கொள்வதுதான் மிக எளிய தீர்வாகத் தோன்றும். நாம் ஒருமுறை அத்தீர்வில் மகிழ்ந்தோம், அதனால்தான் எச்சரிக்கிறோம்.

ஆகவே நேரம் குறிக்கக் கூடும் நாளில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்குமாறு வேண்டுகிறோம். இம்முடிவால் யாருடைய உறக்கம் குறையும்? அவர் இக்கூட்டத்தில் இருக்கிறாரா? அவர் இழப்பதற்கு ஈடாக நாம் ஒவ்வொருவரும் எதை விட்டுக்கொடுக்கிறோம்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை தீர்மானப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டா. கூட்டம் சற்று நீளும். நீளட்டும்.

இதை எழுதி முடிக்கும் இவ்வேளையில் தெருமுனையில் ஒரு லாரி புறப்படுகிறது. கயிறு இறுக்கிய இளைஞர் கீழே குதித்து, தலையிலிருந்த சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டை நோக்கி நடக்கிறார். அவருக்கு இன்றிரவு உறக்கம் உண்டு. இந்தத் தேங்காயை விடியுமுன் இறக்கப்போகிறவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. அவரும் யாரோ ஒரு பிள்ளையின் தந்தையாக இருப்பார்.